படிக்காமல் போட்ட ஓகே

டீ ஆறினால் ஆறட்டும், பரவாயில்லை. சூடாகக் குடிக்கிற பழக்கம் எனக்கு விட்டுப்போய் வெகுநாளாகிறது. ஒரு வாய் வைப்பதற்குள் யாராவது "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வந்து நிற்பார்கள். அடுத்தவர் வேலையைப் பார்த்துப் பார்த்தே கண் மங்கிப்போயிற்று.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நோயாளிக்கு ட்ரிப்ஸில் மருந்து ஏற்றும் பம்பு இருக்கிறதில்லையா, அதற்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறவர்கள் நாங்கள். மொத்த நிரலும் ஒவ்வொருவர் கணினியிலும் ஒரு நகலாக இருக்கும். அவரவர் தன் நகலில், தனிக் கிளை என்போம், அதில் திருத்தி அனுப்ப வேண்டும். எழுதியவரைத் தவிர இன்னொருவர் வரிவரியாகப் படித்து ஓகே போட வேண்டும். அதன் பிறகுதான் நான் அதை, பம்புகளுக்குப் போகிற மூலக் கிளையில் சேர்ப்பேன். இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவளே நான்தான்.

யாரும் படிக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரனுக்குப் பட்டப்பெயரே 'ஓகே'. நான் அனுப்பிவிட்டுக் கையை எடுப்பதற்குள் ஓகே வந்து விழும்.

"படிச்சியாப்பா?"

"நீங்க எழுதினதுல நான் என்னக்கா படிக்கிறது? நீங்க குடுத்தா விஷத்தையே கண்ண மூடிக்கிட்டுக் குடிப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டம் போட்டுச் சொன்னேன், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், கோபித்துக்கொண்டு பேசாமலும் இருந்து பார்த்தேன். தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

செவிலியர் பம்பை நடுவில் நிறுத்தி மறுபடி ஓடவிட்டால், அதுவரை ஏறிய மருந்தைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அது ஏற்ற வேண்டும். கழிக்கிற அந்த ஒரு வரியை எடுத்தேன். சும்மா கண்ணை ஓட்டினாலே தெரிந்துவிடும். அந்த மாதிரித் தப்பைப் பிடிக்கிற தானியங்கிச் சோதனை ஒன்று இருந்தது. அதையும் எடுத்தேன். மெஷினே பிடித்துக் கொடுத்துவிட்டால் மனிதன் எப்போது படிக்கப் பழகுவான்?

அவனுக்குத்தான் அனுப்பினேன். அந்தச் சமயம் பார்த்து அனுப்பியதற்குக் காரணம் உண்டு. அவன் அம்மா வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். எங்கள் புதுத் திருத்தம் எதுவானாலும் முதலில் அந்த ஆஸ்பத்திரிப் பம்புகளுக்குத்தான் போகும். அது அவனுக்கும் தெரியும். பெற்றவளுக்கு ஏறப்போகிற மருந்து, இதையாவது படிப்பான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பா?

ஓகே வந்து விழுந்தது. போன் போட்டேன்.

"எங்கப்பா இருக்க?"

"அம்மா பக்கத்துலதான்க்கா. ஓகே போட்டுட்டேனே, பாக்கலையா?"

"படிச்சுப் பாத்துப் போட்டியா?"

"அட, நீங்க வேறக்கா. இந்தாங்க, அம்மா பேசணுமாம்."

அந்த அம்மாவுக்குக் குரல் தேறியிருந்தது. "இவன் அங்க வேலையெல்லாம் ஒழுங்கா செய்யிறானாம்மா?" என்று கேட்டார்.

"அதத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கேன்," என்றேன்.

சேர்க்கிற பொத்தான் என் கையில்தான் இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை. டீயை எதிரில் வைத்துக்கொண்டு, அவன் திரும்பப் பார்த்து அந்த ஓகேயை எடுத்துவிடுவானா என்று உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிவிட்டது. அழுத்தினேன்.

மறுநாள் படுக்கை விரிப்பை மாற்றுவதற்காக ஒரு செவிலியர் பம்பை நிறுத்தினார். மாற்றி முடித்து ஓடவிட்டார். வலி மருந்து முதலிலிருந்து முழுதாக ஏறியது. அந்த அம்மா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மற்றப் பம்புகளை உடனே நிறுத்தச் சொன்னதும் நான்தான். உங்கள் விசாரணை அறிக்கையில் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

துக்கம் முடிந்து அவன் வேலைக்கு வந்தான். இப்போது யார் எதை அனுப்பினாலும் வரிவரியாகப் படிக்கிறான். பழைய திருத்தங்களையும் விடவில்லை. யார் எதைச் சேர்த்தார்கள், யார் எதை எடுத்தார்கள் என்பதெல்லாம் நிரலின் பதிவேட்டில் அழியாமல் கிடக்குமே, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே பின்னால் போயிருக்கிறான். நேற்று என் மேஜைக்கு வந்து நின்றான்.

"அந்தச் சோதனைய ஏன்க்கா எடுத்தீங்க?"

இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. நல்ல கேள்வி. இருந்த அலுப்பெல்லாம் இறங்கிப்போன மாதிரி இருந்தது எனக்கு. அவனை உட்காரச் சொல்லி, என் டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"இத அன்னைக்கே கேட்டிருக்கணும்ப்பா," என்றேன்.