கருத்தக்கண்ணனின் நெஞ்சுப் படம்

— டீயக் குடிங்க மச்சான், தேவதானப்பட்டி பஸ்ஸு வந்துரும். டாக்டரம்மா என்னதேன் சொன்னாக? ஆள் மாறுனதக் கண்டுபிடிச்சுட்டாகளா?

— இல்ல மாப்ள. கண்டுபிடிக்கல.

— பெறகென்ன? நம்ம கல்லு கிரஷருக்கு எக்ஸ்ரே வண்டி வந்தன்னைக்கு, கருத்தக்கண்ணன்னு கூப்புட்டதும் நானில்ல போய் நெஞ்ச விரிச்சு நின்னேன்! பேரு உங்களது, நெஞ்சு இந்த அழகுமலையோடது. இனி முதலாளி உங்கள வீட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு அக்காகிட்ட அடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

— அந்த வேலையத்தேன்... இரு, மூச்சு வாங்குது... விட்டுறச் சொல்றாக.

— அய்யய்யோ. ஏனாம்?

— நுரையீரல் பூரா கல்லுத்தூசி படிஞ்சு தழும்பாயிருச்சாம். டி.பி. இல்லையாம். அடுத்தவுகளுக்குத் தொத்தாதாம்.

— தொத்தாதுன்னா நல்லதுதான மச்சான்? நம்மகூட கல்லு உடைச்ச ஈஸ்வரபாண்டி அண்ணனுக்கு டி.பி.ன்னுல்ல தட்டு, தம்ளரெல்லாம் தனியா வச்சுக் கொன்னாக. மாத்திரை குடுப்பாகல்ல?

— இருமலுக்குத்தேன் மாத்திரை. போன நுரையீரல் போனதுதானாம். இனி தூசி பக்கமே... தலை வைக்கக் கூடாதாம்.

— நீங்க இருமிக் காட்டிக் குடுத்திருப்பீக. வாயப் பொத்திக்கிட்டு இருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!

— இருமல மாப்ள. துண்டக் கடிச்சுக்கிட்டுத்தேன் உக்காந்திருந்தேன்.

— அட விடுங்க மச்சான். வேல போனாப் போகுது, நானிருக்கேன்ல? நாளையிலருந்து ரெண்டு ஷிப்டு பாக்குறேன். உங்க டிரில்லையும் நானே பிடிக்கிறேன். உங்க பிள்ளைகளுக்குத் தாய்மாமன் செய்யாம வேற யாரு செய்வா?

— வேணாம்.

— என்ன வேணாம்? அக்கா சோத்தத் தின்னு வளந்தவன் நான்.

— வேணாம் அழகுமலை. நீயும் அங்கன போகாத. நாளைக்கே நின்னுரு.

— அட, எனக்கென்ன மச்சான்? ஒரு தும்மல் உண்டா? இப்பச் சொல்லுங்க, வருசநாட்டு மலைய ஓடியே ஏறுறேன்... ஏன் மச்சான், ஏன் அழுகுறீக? பஸ் ஸ்டாண்டே பாக்குது.

— ஒண்ணுமில்ல. டீ சூடு.

— டீ எப்பவோ ஆறிப்போச்சு... ஆமா, நீங்க இருமவும் இல்ல. படமும் என்னோடது. பெறகு நோவ எப்படித்தேன் கண்டுபிடிச்சாக? இன்னைக்குப் புதுசா வேற படம் எடுத்தாகளா?

— எடுக்கல மாப்ள. அன்னைக்கு நீ நின்ன படத்த லைட்டுல மாட்டி வச்சுத்தேன் சொன்னாக.