ஏழு மாடிப் பாடம்

நீதிமன்றத்துக்கு நான் கொடுக்கும் வாக்குமூலம்: நான் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் நான்காம் மாடியில் வசிக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. படிப்பு ஏழாம் வகுப்பு; அனுபவத்தைச் சேர்த்தால் இன்ஜினியர். லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் என் கை படாமல் ஒரு லிஃப்ட்டும் மேலே போனதில்லை. மனைவி மக்கள் இல்லை. துணிக்கடைக்குத் தீ வைத்ததாக வழக்கில் உள்ள பதினைந்து வயதுப் பெண் என் தங்கை மகள். தங்கை இறந்து ஒன்பது வருடம். வீட்டில் அந்தப் பெண்ணும் நானும்தான்.

வழக்கு விசாரணை இன்னதென்று விளங்கும் அளவுக்கு அவளுக்குப் புத்தித் தெளிவு உண்டா என்று பார்க்க நீதிமன்றம் டாக்டரிடம் அனுப்பியது. நானும் கூட உட்கார்ந்தேன். நீதிபதி யார், வக்கீல் யார் பக்கம் என்று டாக்டர் ஏழு கேள்வி கேட்டார். அவள் மேசை விளிம்பையே தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். வெளியே பெஞ்சில் ஒருவர், "பாவம், மண்டையில ஒண்ணும் இல்ல போல" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அதன் பிறகு ஏழு கேள்வியையும் சர்வீஸ் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். எங்கள் கட்டிடமும் ஏழு மாடி. மாடிக்கு ஒரு கேள்வி. லிஃப்ட் சாவி என்னிடம். சரியான பதில் சொன்னால்தான் கதவைத் திறப்பேன். பத்தாயிரம் தடவை ஏறி இறங்கினோம். மோட்டாரே எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டது. கிளி மாதிரி ஒப்பித்தாள்.

அதன் பிறகு டாக்டர் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். ஒன்றும் தப்பவில்லை. தெளிவாக இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தார். நான் ஏழு மாடியிலும் கதவைத் தட்டிச் சொன்னேன்.

மறுநாள் எங்கள் வக்கீலம்மா, "என்ன காரியம் பண்ணிட்டீங்கண்ணே? அவளுக்குப் புரியலைங்கறதுதான் நமக்கு இருந்த ஒரே பிடி" என்றார். இனி விசாரணை நடக்கும் என்று அன்றே அவளைச் சிறார் இல்லத்துக்கு அழைத்துப்போனார்கள்.

நேற்று பார்க்கப் போனேன். வேண்டுமென்றே மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டேன். முதல் பதிலையே சொன்னாள். நிறுத்தாமல் ஏழையும் சொல்லி முடித்துவிட்டு, கம்பி வலையில் விரல் வைத்து, "ஏழாவது மாடி வந்துருச்சு, கதவத் தொற மாமா" என்றாள்.

இப்போது நான் வீட்டுக்குப் படியேறித்தான் போகிறேன்.

டாக்டர் கேட்டது என் பதில்களை, அவளை அல்ல. வரிசை மாற்றி மறுபடி அவளைக் கேட்கும்படி வேண்டுகிறேன். மேலே பத்தாயிரம் என்றதை முந்நூறு என்று திருத்திக்கொள்ளவும். மற்றதில் நான் கூட்டியது எதுவும் இல்லை. படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
பெண்ணின் தாய்மாமன்