மூன்றாவது மாடி நிறுத்தம்

மாலை ஏழு மணி. துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சாலை போகிறது... ஒரு பக்கம் நீள மதில், மறுபக்கம் கம்பி வேலி. கிடங்குகளைப் பூட்டிவிட்டால் அங்கே ஈ காக்கை இருக்காது. அந்தச் சாலையில்தான் ஒரு மனிதர் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆனால் நான் சொல்லப்போவது அதற்குப் பிறகு நடந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் யாராவது சாத்துங்கள்... பாதியில் எழுந்து போய்ச் சாத்தச் சொன்னால் யாரும் போக மாட்டீர்கள்.

எனக்குத் தெரிந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தங்கையின் கதை இது. அவளுக்கும் அதே கடையில்தான் வேலை. பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பாள். வேடிக்கை என்னவென்றால், அவளுக்கே பார்வை மோசம். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்டும் அவர் பொறுப்புதான். பழைய லிஃப்ட், இழுத்து மூடும் கம்பிக் கதவு. பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் ஒரே ஆசை... ஏதாவது ஒரு வெப்பமண்டலத் தீவுக்குப் போய், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, கடலுக்கு அடியில் மூச்சு விட வேண்டும். "முதல் தடவை கடலுக்குள்ள இறங்கறது நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்று அவர் சொல்லியிருந்தார். அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கடலுக்குள் போட்டுக்கொள்ளும் தன் முகமூடிக்குத் தானே தன் பவருக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவர் அவளுடைய ஃபின்ஸை மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து காட்டினார். வாத்துக்கால் மாதிரி அகன்ற ரப்பர்க் காலணி. அதை மாட்டினால் முன்னால் நடக்க முடியாது, நுனி மடங்கித் தடுக்கிவிடும். பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும். சளப்... சளப்... என்று பின்னாலேயே போய் நாற்காலியைத் தள்ளிவிட்டார்.

"முதுகுல கண்ணு வைக்க மறந்துட்டான் கடவுள்" என்றார்.

"உங்களுக்கு மூஞ்சியில இருக்கறதே போதும். நாற்காலியைத் தூக்கி வைங்க."

தூக்கி வைத்தார். பிறகு நீச்சல் பையை எடுத்துக்கொண்டார். எங்கே என்று கேட்டாள். "மாஸ்க் கசியுது. வார் மாத்திட்டேன், பயிற்சிக் குளத்துல கோச்கிட்ட காட்டிட்டு வந்துடறேன். தோசைக்கல்ல இப்பவே காய வைக்காத."

அதுதான் கடைசி. பயிற்சிக் குளத்துக்கு அந்தக் கிடங்குச் சாலைதான் குறுக்கு வழி. விளக்கில்லாத ஒரு லாரி...

சரி. அதை விடுங்கள்.

அந்த வீட்டுக்கு இன்னொருத்தியும் அடிக்கடி வந்துபோவாள். மூன்றாவது மாடிக்காரி. தனியாக இருப்பவள், பயண ஏற்பாடு செய்யும் அலுவலகத்தில் வேலை. கலகலப்பானவள். இவளை அக்கா என்பாள். அவரை முதலில் சார் என்றாள், "அக்கா புருஷன் எந்த ஊர்ல சாரு?" என்று இவளே கேலி செய்ததில் மாமா ஆக்கிக்கொண்டாள். அந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டதெல்லாம் அவள்தான். எந்த மாதம் தண்ணீர் தெளிவாக இருக்கும், எந்த விடுதியில் அறை வாசலிலிருந்தே பவளப்பாறைக்கு இறங்கலாம், எங்கே ஆமை வரும்... கூடத்தில் மூவரும் தரையில் உட்கார்ந்து படங்கள் பார்ப்பார்கள்.

"நீயும் வாயேண்டி" என்று இவள் கூப்பிட்டாள் ஒரு நாள்.

"ஐயோ, எனக்குத் தண்ணின்னாலே உதறும்க்கா. நான் குளிக்கறதே வாளியை ஓரமா நிறுத்தி வச்சுதான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். இது முக்கியம். கடலடியிலிருந்து நேராக மேலே வந்துவிடக் கூடாது. ரத்தத்தில் குமிழி கட்டிவிடும். பாதி வழியில் ஓரிடத்தில் நின்று, மெதுவாக மூச்சு விட்டு, பிறகுதான் மேலே வர வேண்டும். இதைப் படித்த நாளிலிருந்து அவருக்கு விளையாட்டு ஒன்று. வேலை முடிந்து வந்தால் லிஃப்டை மூன்றாவது மாடியில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஐந்தாவதுக்கு வருவார். "பாதி வழி நிறுத்தம். அவசரப்பட்டு வந்தா உனக்குத்தான் நஷ்டம்" என்பார். இவள் வாசல் மிதியடியில் நின்றபடி சிரிப்பாள்.

ஆமாம். அப்போது சிரித்தாள்.

விபத்துச் செய்தி வந்த இரவில் முதலில் ஓடி வந்து கட்டிக்கொண்டது மூன்றாவது மாடிக்காரிதான். அவள் தலை ஈரமாக இருந்தது. அதில் ஒரு வாசனை... மருந்து மாதிரி, குளத்து நீரில் கலக்கிற குளோரின் மாதிரி. அந்த நேரத்தில் யார் அதையெல்லாம் யோசிப்பார்கள்?

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தார்கள். அண்ணன் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார், இவள் போகவில்லை. அடுத்த நாள் மாலை, ஏழு மணி இருக்கும்... கீழே லிஃப்ட் கிளம்பியது.

கறமுற என்று அந்தப் பழைய மோட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது.

இவள் கதவைத் திறந்துகொண்டு மிதியடியில் வந்து நின்றாள். லிஃப்ட் கிணற்றுக்குள்ளிருந்து ஈர ரப்பர் வாடை ஏறி வந்தது. கூடவே ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்... பிறகு குபுகுபுகுபு. ஸ்ஸ்ஸ்... குபுகுபுகுபு. தண்ணீருக்கு அடியில் ஒருவர் மூச்சு விடும் சத்தம்.

நீங்களும் நானுமாக இருந்தால் ஓடியிருப்போம். அவள் ஓடவில்லை. பாதி வழியில் நிற்கிறார், இதோ வந்துவிடுவார் என்று நினைத்தாள். தலைமுடியைக் கூட ஒதுக்கிக்கொண்டாளாம். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. லிஃப்ட் அங்கேயே நின்றது. மேலே வரவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

புதிய மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லீங்கம்மா. யாரும் பட்டன் அழுத்தல, அதுவா கிளம்புது. அதுவா மூணுல நிக்குது" என்றார். அதற்குப் பிறகு அவர் மாலையில் வருவதையே நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது மாடிக்காரியிடம் கேட்டாள். "உன் வாசல்லதானே நிக்குது, உனக்கு ஏதும் கேக்கலையா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா." பாதி உடம்பாகியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. போகும்போது வாசலில் திரும்பி, "அக்கா... மாமா எடுத்துட்டுப் போன பை... அது உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

அதுவரை இவள் அந்தப் பையைத் திறந்ததே இல்லை. அன்று திறந்தாள். ஒரு துண்டு. இரண்டு முகமூடிகள். ஒன்று அவருடையது, கறுப்பு. இன்னொன்று இவளுடையதைப் போலவே இருந்தது, அதற்குப் புது வார் போட்டிருந்தது. 'என்னுதையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிருக்காரே, கசிஞ்சது என்னுதுதான் போல' என்று இவள் நினைத்தாள். எனக்காக வார் மாற்றியிருக்கிறார்... மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த முகமூடியை முகத்தில் பொருத்திக்கொண்டாள்.

எல்லாம் மங்கல்.

அலமாரி மங்கல். ஜன்னல் மங்கல். சுவரில் இருந்த அவர் படம் வெறும் புகை.

லென்ஸ் தேய்க்கிறவள் அவள். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அது வெறும் கண்ணாடி. நல்ல கண் உள்ள ஒருத்தருடையது. வாரில் நீளமான முடி ஒன்று சிக்கியிருந்தது. இவளுடைய முகமூடி அலமாரியில், வைத்த டப்பாவில், வைத்தபடியே இருந்தது.

அப்போது கீழே லிஃப்ட் கிளம்பியது.

இவள் அந்த முகமூடியைக் கையில் பிடித்தபடி படியில் இறங்கினாள். நான்காவது மாடித் திருப்பத்தில் இருக்கும்போதே கம்பிக் கதவு தானாக இழுபடும் சத்தம் கேட்டது. மூன்றாவதுக்கு வந்தபோது லிஃப்ட் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மூன்றாவது மாடிக்காரியின் கதவு மூடியிருந்தது. அந்தக் கதவுக்கும் லிஃப்டுக்கும் நடுவே, தரையில்... தடங்கள். அகன்ற, வாத்துக்கால் தடங்கள். நுனியெல்லாம் லிஃப்டைப் பார்த்தபடி.

அவளுக்கு உயிர் வந்தது. அங்கேயிருந்து கிளம்பிவிட்டார்! என்ன தப்பு செய்திருந்தாலும் விட்டுவிட்டு வந்துவிட்டார், லிஃப்டில் ஏறிவிட்டார், மேலே என்னிடம்தான் வருகிறார்... ஓடிப் போய் லிஃப்டுக்குள் ஏறினாள். கால் நனைந்தது. கதவை இழுத்துச் சாத்தினாள்.

"வந்துட்டீங்களா? வாங்க, போகலாம்" என்று வெறும் காற்றிடம் சொல்லிவிட்டு ஐந்தை அழுத்தினாள்.

லிஃப்ட் அசையவில்லை.

மறுபடி அழுத்தினாள். மறுபடி. கம்பிகளுக்கு இடையே அந்தத் தடங்களைப் பார்த்தபடி நின்றாள். அப்போதுதான் கூடத்தில் கவிழ்ந்த நாற்காலி நினைவுக்கு வந்தது.

ஃபின்ஸ் போட்டவர் முன்னால் நடக்க முடியாது.

லிஃப்டைப் பார்த்தபடியே... பின்பக்கமாக... அந்தக் கதவுக்குள்தான் போயிருக்கிறார்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. ஸ்ஸ்ஸ்... குபுகுபுகுபு. அதற்கு நடுவே மூன்றாவது மாடிக்காரியின் அழுகைக் குரல், கெஞ்சுகிற குரல்.

"இங்க வராதீங்க. தினம் தினம் வராதீங்க. மேல போங்க. அக்காகிட்ட போங்க... உங்க கால்ல விழறேன், அக்காகிட்ட போங்க."

ஸ்ஸ்ஸ்... குபுகுபுகுபு.

இவள் கம்பிக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். அந்த முகமூடியைக் கதவின் கைப்பிடியில் மாட்டினாள். படியேறித் தன் வீட்டுக்குப் போனாள்.

வாரம் திரும்புவதற்குள் மூன்றாவது மாடிக்காரி காலி செய்துவிட்டாள். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. முகமூடியை எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த வீட்டுக்கு வேறு யாரும் குடிவரவும் இல்லை. பூட்டிய வீடு, கைப்பிடியில் அது தொங்குகிறது. தினமும் ஏழு மணிக்கு லிஃப்ட் வந்து நிற்கிறது, கம்பிக் கதவு திறக்கிறது. சற்று நேரத்தில் அந்த முகமூடியின் கண்ணாடியில், உள்பக்கமாக, மூச்சுப் புகை படிகிறது.

கண்ணாடிக்கடைக்காரர் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார். தங்கை வர மறுத்துவிட்டாள். இன்றைக்கும் ஏழு மணிக்கு ஐந்தாவது மாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாளாம். வாசல் மிதியடியைக் குனிந்து தொட்டுப் பார்ப்பாளாம்.

அது காய்ந்தேதான் இருக்கிறது.