கோவணத்தோடு நிற்கிறவர்

“இன்னிக்கும் அத்தினி பேரு எதிர்ல கோவணத்தோட நிக்கப் போறியா?” என்று அந்தப் பெண் கேட்டதும், ராயபுரத்திலிருந்து கிளம்பிய டிராமில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் அவள் புருஷன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

“மெதுவா பேசு மே. சித்திரப் பள்ளிக்கூடத்துல படிக்கிறவங்க என்னைப் பார்த்து வரையறாங்க, அவ்ளோதான்.”

“மனுசனைப் பார்த்து வரையறது இன்னா படிப்பு?”

“இத்தாலி தேசத்துல மண்ணுல பொதைஞ்ச பழைய சிலைங்கள எடுத்தாங்களாம். அதைப் பார்த்துத்தான் மனுச ஒடம்பு இம்மாம் அழகுன்னு ஜனங்களுக்குத் திரும்பவும் ஞாபகம் வந்துச்சாம். வாத்தியாரு சொன்னாரு.”

“அப்போ அந்தச் சிலையவே வரையட்டுமே. நீ எதுக்கு?”

“சிலை மூச்சு வுடாதாம்.”

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், முந்தானையை விரலில் முறுக்கினாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஹார்பர்ல எல்லாரும் மூட்டையத்தான் பாக்கறாங்க, தூக்கறவனை ஒருத்தனும் பார்த்ததில்ல. அங்க என்னையே பாக்கறாங்க. போவாம இருக்க முடியல மே.”

“வரையறவங்கள்ல பொம்பளைங்க கீறாங்களா?”

“ரெண்டு பேரு கீறாங்க.”

அவர் இறங்கவேண்டிய இடம் வந்தது. அவளும் எழுந்துவிட்டாள்.

“நானும் வரேன். ஒரு மூலையில குந்திக்கினு பாக்கறேன்.”

“வேணாம் மே. ஆடாம அசையாம நிக்கணும். உன்னைப் பார்த்தா சிரிப்பு வந்துடும்.”

“சிரிச்சா அதையும் வரையட்டும்” என்று சொல்லி, அவருக்கு முன்னால் இறங்கிவிட்டாள்.