வீட்டுக்கு ஒரு போன்

மழையில் கம்பம் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மழைன்னு லீவு விட்டுட்டுப் போன்ல பாடம் நடத்துறாகளே, உங்க மக கேக்கலையா மதினி?" என்றாள் இளையவள்.

"கேக்க மாட்டேன்னுட்டா. நானும் சரின்னுட்டேன்."

"ஏன்?"

"வீட்டுக்கே ஒரு போன்தான். போன வாரம் மழையிலயும் பாடத்துக்குன்னு அவகிட்டக் குடுத்துட்டு, எங்க வீட்டுக்காரக ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பை எடுத்துட்டுப் போனாக. மலை ரோட்டுல மண்ணு சரிஞ்சுருச்சு. ஊரே அவுக நம்பருக்குக் கூப்புடுது. எடுக்குறது எம்மக. 'அப்பா எங்கன ஆத்தா?'ன்னு அவகிட்டயே கேக்குறாக. தெரியல தெரியலன்னு சொல்லிச் சொல்லி அழுதா."

"அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. பொழுது சாய நடந்தே வந்து சேந்தாக."

மூத்தவளே தொடர்ந்தாள்.

"இன்னைக்கு அவுக கெளம்பையில, போனை அவளே சட்டைப் பையில வச்சுவிட்டா. 'ஆப்சென்ட் போட்டாப் போடட்டும், நீ கொண்டு போப்பா'ன்னா. அவுக வண்டியில ஏறி, ஸ்டார்ட் பண்ணாம ரொம்ப நேரம் உக்காந்திருந்தாக."