காவடிப் பட்டறையில் ஒரு விரிவுரையாளர்

வரைந்து காட்டும் வடிவமைப்போடு வாழ்ந்து பார்க்கும் மானிடவியலை இணைத்தவரும், கைவினைஞர் பக்கத்தில் அமர்ந்து கற்கும் பணிவைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தவருமான, பண்பும் பரிவும் பழுத்த எங்கள் விரிவுரையாளர் திருமதி சம்சுன்னிசா அவர்கள் இருபத்தாறு ஆண்டுப் பணியை நிறைவு செய்யும் இந்நாளில், அவர் வாழ்வில் நடந்த ஒன்றை அவையோர்முன் அன்போடு படைக்கிறோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய மாணவர்கள் தைப்பூசக் காவடிக்கு எடை குறைந்த சட்டம் ஒன்றை வடிவமைத்துப் பரிசும் வாங்கினார்கள். கிராஞ்சியில் காவடி செய்யும் இளமாறனிடம் அதைப் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினார் சம்சுன்னிசா. இளமாறன் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"வெயிட் கம்மிதான் டீச்சர். ஆனா ஆடுறப்ப ஒரு பக்கமா இழுக்கும் லா. தூக்குறவங்க யாரையாச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அதை அவர் மறைக்கவுமில்லை. மறுநாளே வகுப்பில் சொன்னார். அடுத்த தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடிகளின் பின்னாலேயே நடந்தார். நின்று ஆடும் இடங்களிலெல்லாம் இடுப்புப் பட்டை நழுவுவதையும், உடன் வருவோர் துண்டை மடித்துச் செருகுவதையும் கண்டார். பிறகு ஓராண்டு, சனிக்கிழமைதோறும் மாணவர்களோடு பட்டறைக்குப் போனார். இளமாறனோடு சேர்ந்து நழுவாத பட்டை ஒன்றை உருவாக்கினார்கள்.

அதைக் கல்லூரியின் பெயரில் மட்டும் பதிவு செய்யப் படிவம் வந்தது. அவர் கையெழுத்திடவில்லை.

"இளமாறன் பேரு முதல்ல வரணும். இல்லேன்னா என் பேரும் வேணாம்" என்றார்.

வரவிருந்த பதவி உயர்வு இரண்டாண்டு தள்ளிப்போனது. அன்று வீட்டுக்குப் போய் அழுததை எங்களிடம் இப்போதுதான் சொன்னார். ஆனாலும் அவர் அசையவில்லை. கடைசியில் அவர் கேட்டபடியே பதிவானது. இந்த ஆண்டு பலர் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு காவடி எடுத்தார்கள். எங்கள் இறுதியாண்டு மாணவர்களின் படைப்புகளை மதிப்பிடும் குழுவில் இளமாறனும் இருக்கிறார்.

சென்ற வாரம் இளமாறன் துறைக்கு வந்திருந்தார்.

"இனிமே ஃப்ரீதானே டீச்சர்? பால்குடம் எடுக்குற அக்காங்களுக்குக் கழுத்து வலிக்குதாம். ஏதாச்சும் பண்ணலாமா?"

"சனிக்கிழமை வரேன். அவங்களையும் வரச் சொல்லுங்க" என்றார் சம்சுன்னிசா.

கிராஞ்சிப் பேருந்து அவரை நெடுநேரம் காக்க வைக்காதிருக்கட்டும். நல்ல உடலும் நிறைந்த மனமும் வாய்த்து, பேரப்பிள்ளைகளோடும் பட்டறைத் தோழர்களோடும் பல்லாண்டு அவர் மகிழ்ந்திருக்கட்டும்.

இவ்வண்ணம்,
அவரோடு பணியாற்றிப் பெருமை பெற்ற
வடிவமைப்புத் துறை ஊழியர்கள்,
சிங்கப்பூர்