மடியில் ஒரு சன்னல் கதவு

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் ஒரு நாள், கோலா சுங்கை பாருவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண் மடியில் சன்னல் கதவோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த மூத்த பெண் கேட்டேவிட்டாள்.

"என்னம்மா, வீட்டுச் சன்னலோடயா பஸ் ஏறுன?"

"ஆமாக்கா, நான் செஞ்சது. எங்களையெல்லாம் முள்ளுக்கம்பி வேலிக்குள்ள புது லயத்து வீட்டு வரிசைக்குக் கொண்டாந்துட்டாங்க. வேலியை மட்டும் சுருக்கா முடிச்சாங்க. சன்னலுக்குச் சட்டத்தை அடிச்சுட்டு, கதவு போடாமப் போய்ட்டாங்க. சாரல் பிள்ளை மேலயே அடிக்குது. தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணியைக் கேட்டா நாளைக்கு, நாளைக்குங்கிறாரு."

"அதான் நீயே போட்டியா?"

"பெட்டிப் பலகையை அடிச்சு, பழைய டயரை வெட்டிக் கீல் வச்சு மாட்டுனேன். மறுவாரமே துரை ஒரு ஆபீசரைக் கூட்டியாந்து, என் வீட்டு முன்னால மட்டும் நிறுத்தி, எல்லா வீடும் இப்படித்தான்னு காட்டுனாராம். கிராணியே சொல்லிச் சிரிக்கிறாருக்கா!"

"அநியாயமா இருக்கே! இப்ப இதை எங்க தூக்கிட்டுப் போற?"

"தஞ்சோங் கிளிங்குல தங்கச்சி வீட்டுக்கு. இன்னைக்கு இன்னும் பெரிய ஆபீசர் என் சன்னலைப் பார்க்க வர்றாராம். வரட்டும்லா. ஓட்டை வழியா வீடு முழுக்க நல்லாப் பார்க்கட்டும்."